கரண்டி கை மாறும் வீடு

காலிங் பெல் அடித்தால் அந்த வீட்டில் முதலில் திறப்பது கதவு அல்ல. டேவிட்டின் கை.

மேனாம்பேட்டில் முதல் மாடி, வாடகை வீடு. யாராவது மணியை அழுத்தினால், அடுப்படியில் நிற்கும் டேவிட் கையில் இருக்கும் கரண்டியைச் சட்டென்று நீட்டுவான். மனைவி ஜெயசீலி அதை வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் திறப்பாள். அதற்குள் அவன் கூடத்துக்கு வந்து, டிவி ரிமோட்டை எடுத்துக்கொண்டு, காலையிலிருந்து அங்கேயே கிடப்பவன் மாதிரி காலை நீட்டியிருப்பான்.

வந்தவர்கள் ஜெயசீலியின் கையில் இருக்கும் கரண்டியைப் பார்ப்பார்கள். "சிஸ்டர், உங்க கைப்பக்குவமே தனி" என்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

கல்யாணமான புதிதில் அது ஒரு விளையாட்டு. பிறகு பழக்கம். பக்கத்து ஏரியாவான பாடியில் பேச்சுலர் ரூமில் நான்கு பேருக்குப் பொங்கிப் போட்டுக் கற்றவன் டேவிட். உப்பு சரியா என்று ருசி பார்க்க மாட்டான். ஆவியை முகர்ந்தே சொல்லிவிடுவான். ஜெயசீலிக்கு வெந்நீரைத் தவிர எதுவும் உருப்படியாக வராது. இரண்டு பேருக்கும் இது சௌகரியம். வெளியே தெரிந்தால்தான் அவனுக்கு அவமானம்.

அவர்கள் பெண் ரியா, ஏழு வயது, இதையெல்லாம் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். அந்த மறதிதான் போன புதன்கிழமை வினையாக முடிந்தது.

ஜெயசீலி டீச்சராக இருக்கும் அதே பள்ளிக்கூடத்தில், அவளுடைய அதே இரண்டாம் வகுப்பில்தான் ரியாவும் படிக்கிறாள். அந்த வகுப்பின் சுவரில் 'நம் குடும்பம்' என்று ஒரு சார்ட் தொங்கும். அம்மா சப்பாத்திக் கட்டையோடு, அப்பா பேப்பரோடு, அண்ணன் கிரிக்கெட் மட்டையோடு, தங்கை விளக்குமாறோடு. தங்கைக்கு மிஞ்சிப்போனால் ஐந்து வயது இருக்கும். அந்த விளக்குமாற்றைப் பார்க்கச் சகிக்காமல், சார்ட்டைக் கழற்றிவிடலாமா என்று பள்ளி ஆபீஸில் கேட்டாள் ஜெயசீலி. கழற்றக் கூடாது, ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள் என்றார்கள். சரி, சுவர் உங்களுடையதாக இருக்கட்டும், கதை நேரம் என்னுடையது என்று படப் புத்தகங்களைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தாள்.

அதில் ஒன்றுக்குப் பிள்ளைகளே வைத்த பெயர் 'லாரி அம்மா'. மலைப்பாதையில் அம்மா லாரி ஓட்டி வருவாள். பெண் கூடவே வந்து டயர் மாற்றுவாள். வீட்டில் அப்பா குழம்பைக் கிளறியபடி ஜன்னலில் வழி பார்ப்பார். பையன் பொம்மைக்குச் சோறு ஊட்டுவான். அவ்வளவுதான் கதை.

படித்து முடித்துவிட்டுக் கேட்டாள். "உங்க வீட்டுல கரண்டி யார் கையில இருக்கும்?"

அம்மா, அம்மா, அம்மா என்று வகுப்பு கத்தியது. ரியா மட்டும் எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்துக்குள் அவளுக்கு ஜெயசீலி 'மிஸ்'. கேட்டைத் தாண்டினால்தான் 'அம்மா'. அது அவர்களுக்குள் ஒப்பந்தம்.

"மிஸ், எங்க வீட்டுல அப்பா கையிலதான். எங்கப்பா வடகறி வெச்சா தெருவே மணக்கும். ஆனா யாராச்சும் பெல் அடிச்சா கரண்டிய அம்மாகிட்ட குடுத்துட்டு ஓடிப் போய் டிவி முன்னாடி உக்காந்துக்குவாரு!"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ரியாவும் சேர்ந்து சிரித்தாள். அப்பாவைப் பற்றிப் பெருமையாகச் சொன்னதாகத்தான் அவள் நினைப்பு.

அந்தப் பெருமை சாயங்காலத்துக்குள் பெற்றோர் வாட்ஸப் குழுவுக்குப் போய், மறுநாள் பாடியில் டேவிட் வேலை செய்யும் வால்வு கம்பெனி கேன்டீனுக்கும் போய்விட்டது. கொண்டு போனவன் அங்கே கூட வேலை செய்யும் சரவணக்குமார். அவன் பிள்ளையும் அதே வகுப்பு. டேவிட் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது அவன் மெஷினின் கைப்பிடியில் ஒரு சாம்பார்க் கரண்டி தொங்கியது. ஆயுத பூஜை மாதிரி சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்து.

"இன்னா மாமே, இன்னிக்கு இன்னா கொயம்பு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"டேய், எவன்டா சொன்னான்? என் பொண்டாட்டிதான்டா ஆக்குறா" என்று அங்கே சத்தம் போட்டிருக்கிறான் டேவிட். அதை அன்று இரவு ஜெயசீலியிடம் சொல்லும்போதும் அவன் ரசத்தைக் கலக்கிக்கொண்டுதான் இருந்தான்.

சனிக்கிழமை விடிந்தது. காலையில் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். சாயங்காலம் வீட்டில் அன்பியக் கூட்டம். வாரம் ஒரு வீட்டில் நடக்கும் அந்த ஜெபத்துக்கு இந்த வாரம் அவர்கள் முறை. வருகிறவர்களுக்கு இட்லியும் வடகறியும்.

டேவிட் அதிகாலையிலேயே கடலைப்பருப்பை அரைத்து வடையாகத் தட்டிப் பொரித்துக்கொண்டிருந்தான். அடுப்படி ஜன்னலில் திரை இழுத்து விட்டிருந்தது. எதிர் வீட்டுக்காரர்கள் பார்த்துவிடக் கூடாதே.

"என்னங்க, மீட்டிங்ல உங்களத்தான் கேப்பாங்க" என்றாள் ஜெயசீலி. "ரியாவுக்கு நானே சொல்லிக் குடுத்துப் பேச வெச்சேன்னு என் கிளாஸ் விஷாலோட அப்பா, அந்த வினோத் சார், வாட்ஸப்ல எழுதியிருக்காரு. என் புத்தகத்துக்கு ஏத்த மாதிரி என் பொண்ண பொய் சொல்ல வெச்சேனாம்."

"அவன் கெடக்கறான். எம் பொண்ணு பொய் சொல்லும்னு எவன் சொல்வான்? நான் வந்து சொல்றேன் சீலி, உள்ளத உள்ளபடி."

"நிஜமா?"

மஞ்சள் படிந்த விரலால் சுவரில் இருந்த மாதா படத்தைக் காட்டினான். "அவங்க சாட்சி. போதுமா? உப்பு கரெக்டா கீதான்னு ஒரு வடைய பிச்சிப் பாரு."

வடை கமகமவென்று இருந்தது. ஜெயசீலி நம்பினாள்.

---

கூட்டம் பள்ளியின் தாளாளர் ஞானசேகரனின் அறையில். கண்ணாடி பீரோ நிறைய கோப்பைகள். மேஜை மேல் 'லாரி அம்மா' கிடந்தது. அதிலிருந்து மைதாப் பசை புளித்த வாடை வந்தது.

ஞானசேகரன் விரலை நாக்கில் தொட்டு எச்சிலோடு பக்கங்களைப் புரட்டினார். லாரி ஓட்டுகிற அம்மாவின் முகத்தில் ஈரமாக ஒரு ரேகை விழுந்தது. ஜெயசீலி வேறு பக்கம் பார்த்தாள்.

"இதப் பாருங்க மிஸ். புக்க நாங்க தூக்கிப் போடல. ஆட்சேபம் வந்த ரெண்டு பக்கத்துக்கு மட்டும் பழுப்புத் தாள் ஒட்டச் சொல்லிட்டேன். மீதி எல்லாம் இருக்கு. லாரி இருக்கு, மலை இருக்கு. நல்ல புக்குதான்."

"அப்பா எங்க சார்?"

"அப்பா வெளியூர் போயிருக்காருன்னு பசங்ககிட்ட சொல்லிக்குங்க."

நாலைந்து பேர் சிரித்தார்கள். வினோத் சிரிக்கவில்லை. நெடுஞ்சாலை ஓரத்து அடுக்குமாடியில் இருப்பவன், சாஃப்ட்வேர் கம்பெனி. சனிக்கிழமையிலும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. எழுந்து, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் புத்தகத்தின் மூலையைப் பிடித்துத் தூக்கினான்.

"நான் பழைய காலத்து ஆளு கிடையாது மேடம். எங்க டீம்ல பாதிப் பேரு லேடீஸ். ஆனா என் பையன் விஷால் நேத்து கடையில நின்னு பொம்மை வேணும்னு அழறான். பொம்பளப் பொம்மை! அதுக்குச் சட்டை மாத்தணுமாம். என் ஒய்ஃப் சிரிக்கிறா. எனக்கு ராத்திரி தூக்கம் வரல."

"பொம்மைக்குத்தானே சார் சட்டை மாத்துறான்? நாளைக்கு அவன் குழந்தைக்கு மாத்துவான்."

"அதுக்குத்தான் மிஸ் கல்யாணம்னு ஒண்ணு பண்ணி வெக்கிறது!" என்றது பின்வரிசை. சரவணக்குமாரின் குரல். அறை குலுங்கிச் சிரித்தது. பெண்களும் சிரித்தார்கள்.

ஜன்னல் ஓரத்தில் காக்கிச் சட்டையோடு நின்றிருந்த ஜமீலா மட்டும் சிரிக்கவில்லை. ஆட்டோ ஓட்டுகிறவள்; அவள் பெண் ரியாவுக்குப் பக்கத்து இருக்கை.

"சார், நான் ஆட்டோ ஓட்றேன். எம் பொண்ணு அந்த லாரிப் படத்தக் காட்டி 'இது எங்கம்மா'ன்னு ஊடு பூரா சொல்லிகினு திரியுது. இதுல இன்னா கெட்டுப் போச்சு இப்ப?"

வினோத் அவளைப் பார்த்து இரக்கமாகத் தலையாட்டினான். "நீங்க வேற வழி இல்லாம ஓட்டுறீங்கம்மா. அத நாங்க மதிக்கிறோம். அத ஒரு ஆசையா பொண்ணுங்க மனசுல ஏத்துறதுதான் தப்பு."

"வேற வழி இல்லாமயா? யோவ், எனக்குப் புடிச்சி ஓட்றேன்யா!"

"அம்மா, அம்மா, உக்காருங்க" என்று ஞானசேகரன் மேஜையைத் தட்டினார்.

வினோத் புத்தகத்தைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். "விஷயத்துக்கு வரேன் சார். அப்பா சமைக்கிறாருன்னு கிளாஸ்ல சொன்ன ஒரே குழந்தை யாரு? டீச்சரோட சொந்தப் பொண்ணு. மத்த எல்லாக் குழந்தையும் அம்மான்னு சொல்லுது. இது எழுதிக் குடுத்து மனப்பாடம் பண்ண வெச்ச வசனம் இல்லாம வேற என்ன? குழந்தையப் பொய் சொல்லப் பழக்குற டீச்சர்கிட்ட என் பையன எப்படி விடுறது?"

ஞானசேகரன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு டேவிட்டைத் தேடினார்.

"வாங்க டேவிட். ஜோஸ் தம்பிதானே? நம்ம ஆண்டு விழாவுக்கு எல்லாம் உங்க அண்ணன் சாமியானா பந்தல்தான். ஒரே ஒரு கேள்வி. பாப்பா சொன்னது நிஜமா? நீங்க ஆமான்னா இதோட முடிஞ்சிது. வினோத் சார் மிஸ்கிட்ட வருத்தம் தெரிவிச்சிடுவாரு."

டேவிட் எழுந்து மேஜைப் பக்கம் வந்து நின்றான். ஜெயசீலிக்கு நெஞ்சு லேசானது. இவ்வளவு சுலபமா? ஒரே ஒரு 'ஆமா'.

சரவணக்குமார் மடியில் கை வைத்து, யாருக்கும் தெரியாமல், காற்றில் குழம்பு கிளறிக் காட்டினான்.

டேவிட் அதைப் பார்த்தான். அவன் வலது கை மெதுவாகப் பேன்ட் பைக்குள் போயிற்று. அந்த விரல்களின் நக இடுக்கில் காலையில் அரைத்த இஞ்சி பூண்டும் மஞ்சளும் இன்னும் போகாமல் இருப்பது அந்த அறையில் ஜெயசீலிக்கு மட்டும்தான் தெரியும்.

"இல்ல சார்" என்றான்.

"சத்தமா சொல்லுங்க."

"பாப்பா சும்மா தமாசுக்கு சொல்லிகீது சார். எங்க ஊட்ல அடுப்பாண்ட நான் போறதே இல்ல." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, தாளித்தும் கொட்டினான். "எனக்கு ஒரு டீ கூட போடத் தெரியாது சார்."

சிரிப்பு. சரவணக்குமார் கை தட்டினான். வினோத் ஜெயசீலியைப் பார்த்துத் தோளைக் குலுக்கினான்.

ஜெயசீலிக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாயசம் குடிக்கும்போது வாயில் தலைமுடி தட்டுப்பட்டால் உடம்பு எப்படிக் கூசுமோ, அப்படிக் கூசியது.

"பொய்" என்றாள். "சார், இவரு சொல்றதுதான் பொய்."

"அடடா, குடும்பச் சண்டைய இங்க வேணாம் மிஸ்." ஞானசேகரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "திங்கட்கிழமை காலை வகுப்புல, பிள்ளைங்க முன்னாடி, ரியா எழுந்து பொய் சொன்னேன் சாரின்னு சொல்லட்டும். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. புக்கெல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. முடியாதுன்னா வேற ஸ்கூல் பாத்துக்கங்க. அவ்வளவுதான்."

பள்ளிக்கூட மணி அடித்தது. எல்லாரும் எழுந்தார்கள். அப்போதுதான் ஜெயசீலி கதவோரம் பார்த்தாள்.

கழுத்தில் தண்ணீர் பாட்டிலோடு ரியா நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் பார்வை அப்பாவின் பேன்ட் பையில் இருந்தது. உள்ளே போன கை இன்னும் வெளியே வரவில்லை.

---

கேட்டைத் தாண்டிய பிறகும் ரியா 'அம்மா' என்று கூப்பிடவில்லை.

"மிஸ்."

"கேட்டு தாண்டிட்டோம்டா கண்ணு."

"மிஸ், பொய் சொன்னது நானா?"

ஜெயசீலி அவள் தண்ணீர் பாட்டிலை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். 'இல்லை' என்று சொன்னால், அடுத்த கேள்வி என்ன என்று அவளுக்குத் தெரியும். பொய் சொன்னது யார்?

டேவிட் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினான். முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு. "ஏறு பாப்பா. ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்."

ரியா அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஜமீலா ஆட்டோவை எடுத்துக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினாள்.

"ஏறு கண்ணு. மிஸ், நீங்களும் ஏறுங்க." பிறகு பைக் பக்கம் திரும்பினாள். "இன்னா அண்ணாத்தே, டீ போடத் தெரியாதாமே? ஊட்டாண்ட வா, எம் பொண்ணு கத்துக் குடுக்கும். ஆனா ஒண்ணு, உன் சட்டையில சோம்பு வாசம் தூக்குது. வரும்போது குளிச்சிட்டு வா."

டேவிட் தலையைத் திருப்பிக்கொண்டு பைக்கைக் கிளப்பினான்.

ஆட்டோவில் ரியாவின் மடியில் புத்தகம். பழுப்புத் தாள் ஒட்டிய பக்கத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். தாளுக்கு அடியில் நிழல் மாதிரி ஒரு ஆள் தெரிந்தார். ஒரு கையில் கரண்டி.

---

சாயங்காலம் டேவிட் ஒன்றுமே நடக்காதது போல அடுப்படிக்குள் போனான். திரையை இழுத்துவிட்டான். பட்டை, சோம்பு, வெங்காயம். சட்டியில் சத்தம் எழுந்தது. வாசம் எழுந்தது. வழக்கமாக அந்த வாசத்துக்கு ஜெயசீலி எழுந்துபோய் அடுப்படி வாசலில் சாய்ந்து நின்று, அவன் கிளறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இன்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அவன் போன் அடித்தது. கை ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டான். அண்ணன் ஜோஸ்.

"டேய் டேவிட்டு! மேட்டர கேள்விப்பட்டேன். நைனா, நீ கரெக்டா பேசிட்ட, மானத்தக் காப்பாத்திட்ட. கேளு, இன்னிக்கு ஜெபத்துக்கு நான் உங்க கரஸ்பாண்டென்ட் ஞானசேகரன் சாரையும் கூட்டிகினு வரேன். சீலி அவருகிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுட்டா ஜெபத்தோட ஜெபமா முடிஞ்சிடும். வேலையும் போகாது. இட்லி, வடகறிதானே? சீலிய நல்லா செய்யச் சொல்லு, பெரிய மனுசன் வராரு."

"சரிண்ணே" என்றான் டேவிட், வடையை உதிர்த்துப் போட்டபடி.

போனை வைத்ததும் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தான். "சீலி. எதுனா பேசேன். திட்டவாச்சும் திட்டு."

அவள் மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மெஷின்ல கரண்டி தொங்க உட்டானுங்க சீலி. பொட்டு வெச்சி. அந்த சரவணக்குமாரு எதிர்லயே உக்காந்துகினு கிளறிக் காட்டறான். நான் ஆமான்னு சொன்னா நாளிக்கு கம்பெனியில எப்டி போய் நிப்பேன்?"

"ரியா திங்கட்கிழமை கிளாஸ்ல எப்படி நிப்பா?"

"சின்னப் புள்ளதானே. ஒரு சாரி. மறந்துடும்."

ஜெயசீலி எழுந்து அடுப்படி வாசல் வரைக்கும் வந்தாள்.

"அந்த சரவணக்குமாரு, அந்த வினோத், அவங்களப் பாத்தா எனக்கு எரிச்சல்தான் வருது. உங்களப் பாத்தா அருவருப்பா இருக்கு. சமைக்கிறதுக்கு வெக்கப்படுற ஆள கூட மன்னிச்சிடலாம். பெத்த பொண்ணு தலையில பொய்ய வெச்சிட்டு, அதே கையால வடகறி கிண்டுறீங்களே, எப்படிங்க முடியுது?"

டேவிட் அடுப்பைச் சிறிதாக்கினான்.

"மாதா படத்தக் காட்டினீங்க."

"சீலி, அதெல்லாம்..."

"கம்பெனியில ஒரு தடவ இல்லன்னீங்க. ஸ்கூல்ல ஒரு தடவ. ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறீங்கல்ல, ஆண்டவர மூணு தடவ தெரியாதுன்னு சொன்ன சீடன், சேவல் கூவினதும் எப்படி அழுதான்னு நான் சொல்லணுமா?"

அவன் முகம் சுருங்கியது. கரண்டி சட்டிக்குள் நின்றது.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். தன் வலது கையைப் பார்த்தாள். மணி அடித்த போதெல்லாம் ஓடிப் போய்க் கரண்டியை வாங்கியது இந்தக் கைதானே. 'உங்க கைப்பக்குவமே தனி' என்றபோது சிரித்தது இந்த வாய்தானே. அவனைப் பார்த்து வந்த குமட்டல் கொஞ்சம் தன் பக்கமும் திரும்பியது. கையைப் புடவையில் அழுத்தித் துடைத்தாள். துடைத்தால் போகிற அழுக்கா அது?

ரியா தரையில் உட்கார்ந்து ஈரத்துணியால் பழுப்புத் தாளை ஊறவைத்து உரித்துக்கொண்டிருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, பொறுமையாக. பொம்மைக்குச் சோறு ஊட்டும் பையன் முழுசாகத் திரும்பி வந்துவிட்டான். அடுத்த பக்கம் அடம்பிடித்தது. பசை அதிகம். மூலையைப் பிடித்து இழுத்தாள். சரக்கென்று தாள் வந்தது. அடியில் இருந்த படத்தையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வந்தது.

"அப்பா மூஞ்சி போயிடுச்சு" என்றாள் ரியா. யாரிடமும் சொல்லவில்லை, பக்கத்திடம் சொன்னாள். "கை மட்டும்தான் இருக்கு."

அடுப்படியில் இருந்தவனுக்கு அது கேட்டது. கேட்டது என்பது அவன் முதுகில் தெரிந்தது.

அப்போது காலிங் பெல் அடித்தது.

கதவுக்கு வெளியே, படிக்கட்டில் பேச்சுக் குரல்கள். ஜோஸின் சிரிப்பு. "வாங்க சார், வாங்க, பாத்து, படி ஒசரம்."

டேவிட் பதறித் திரும்பினான். பழக்கம் முந்திக்கொண்டது. சட்டியிலிருந்து கரண்டியை எடுத்து வாசல் வழியாக நீட்டினான். "சீலி, இந்தா, புடி."

ஜெயசீலி பார்த்தாள். நீட்டிய கை, மஞ்சள் நகம், கரண்டி நுனியில் சொட்டும் வடகறி. இரண்டு கையையும் மடித்து அக்குளில் வைத்துக்கொண்டாள்.

"சீலி, விளையாடாத. வந்துட்டாங்க."

மணி மறுபடி அடித்தது.

ரியா எழுந்தாள். கதவிடம் போய், எக்கி, தாழ்ப்பாளில் கை வைத்தாள். வைத்தபடியே திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"தொறக்கட்டுமாப்பா?"

கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு உள்ளேயே ஒளிந்துகொள்ளலாம். மேடையில் வைத்துவிட்டு ஓடி வந்து ரிமோட்டை எடுக்கலாம். அதற்கும் நேரம் இருந்தது. டேவிட் எதையும் செய்யவில்லை. நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல், கீழே விடவும் தெரியாமல், அடுப்படி வாசலில் நின்றான். ஒரு சொட்டு வடகறி அவன் பாதத்தில் விழுந்தது. சுட்டிருக்க வேண்டும். அசையவில்லை.

ரியா தாழ்ப்பாளை இழுத்தாள்.

கதவு திறந்தது. முன்னால் ஞானசேகரன், பின்னால் ஜோஸ், அவர்களுக்குப் பின்னால் ஜெபப் புத்தகங்களோடு அன்பியத்தார். ஞானசேகரன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்தார்.

"ஆகா! வாசம் தெருமுனைக்கே வந்துடுச்சு. மிஸ், உங்க கைப்பக்குவமா?"

கேட்டுக்கொண்டே நிமிர்ந்தவர், ஜெயசீலியின் கரண்டி இல்லாத, மடித்த கைகளைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி அடுப்படி வாசலைப் பார்த்தார். ஜோஸின் சிரிப்பு பாதியில் நின்றது.

ரியா நகர்ந்து அப்பாவுக்கும் அவர்களுக்கும் நடுவே இருந்த வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"அப்பா" என்றாள். "உங்களத்தான் கேக்குறாங்க."